கண்ணாடித் தளமுள்ள மின்சார அடுப்பில் பொங்கி வழிந்ததைச் சூட்டோடு துடைக்கலாமா, ஆறிய பிறகுதான் துடைக்க வேண்டுமா?

அடுப்பு புதிதாக வந்திருக்கிறது, ஏதோ ஒன்று ஏற்கெனவே வழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வழிந்தது பாலோ எண்ணெயோ என்றால் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை பொறுத்திருங்கள். சர்க்கரை கலந்தது என்றால் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. இந்த ஒரு விதிவிலக்கு தெரியாமல் ஓர் அடுப்பையே இழந்தவன் நான்.

அன்று காய்ச்சிக்கொண்டிருந்த சர்க்கரைப் பாகு, நான் வாசல் வரை போய்த் திரும்புவதற்குள் பொங்கித் தளமெங்கும் பரவிவிட்டது. சூடான கண்ணாடியைத் தொடக் கூடாது என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்ததால், இரவு வரை அதைத் தொடவே இல்லை. பாகு கல்லாக இறுகியிருந்தது. கரண்டியின் முனையால் நெம்பியபோது அது பெயர்ந்து வந்தது; அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிச் சில்லுகளும் வந்தன. இவ்வகைக் கண்ணாடி சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் மிகமிகக் குறைவு. ஒட்டிய சர்க்கரையோ ஆறும்போது நன்றாகச் சுருங்கும். அந்த இழுப்பைத் தாங்க முடியாமல்தான் மேற்பரப்பு குழிவிழுகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பழுதுபார்க்க வந்தவர், இது உபயோகித்தவரின் தவறு, உத்தரவாதத்தில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். எச்சரிக்கை கையேட்டில் இருந்தது உண்மைதான். ஆனால் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை அங்கே ஒளித்துவைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சூட்டில் கைவைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அகற்றி, தடித்த கையுறை அணிந்துகொண்டு, பிளேடு பொருத்திய சுரண்டியைச் சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து, பாகை சூடில்லாத பகுதிக்குத் தள்ள வேண்டும். ஈரத்துணி வேண்டாம், எழும் ஆவி கையைச் சுட்டுவிடும். குழந்தைகள் அருகில் இருந்தால் முதலில் அவர்களை அப்புறப்படுத்துங்கள். எஞ்சியதை ஆறிய பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

மற்ற கறைகளுக்கு அவசரமே இல்லை. மீதிச் சூட்டைக் காட்டும் விளக்கு அணைந்த பிறகும் கையை மேலே காட்டிப் பார்த்துவிட்டே தொடுங்கள். இண்டக்ஷன் அடுப்பானாலும் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் இறங்கியிருக்கும். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். உப்பு நீரின் வெள்ளைத் தடத்துக்குச் சிறிது வினிகர் போதும். கம்பி நாரும், ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவமும் கூடவே கூடாது.

என் அடுப்பில் விழுந்த குழியிலிருந்து சில மாதங்களில் ஒரு விரிசல் ஓடியது. மெல்லிய கோடுதானே என்று நான் மேலும் இரண்டு நாள் சமைத்தேன். அதைச் செய்திருக்கவே கூடாது. வழியும் நீர் விரிசல் வழியே மின்னோட்டமுள்ள பாகங்களுக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் தளத்தில் முடி அளவு விரிசல் தெரிந்தாலும், துடைக்கக்கூட முயலாமல், அடுப்புக்கு வரும் மின்சாரத்தைச் சுவரிலுள்ள சுவிட்சில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாற்றும்வரை அதை இயக்காதீர்கள்.