குட்டைப் பலகையில் மலை முழுக்க

கேள்வி: கனடாவின் கால்கரியில் இருக்கிறேன். சனி, ஞாயிறில் லேக் லூயிஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போவோம். 90 செ.மீ. ஸ்கீபோர்டு (இரண்டு காலிலும் ஒவ்வொன்றாக மாட்டும் குட்டைப் பனிச்சறுக்குப் பலகை) பழையது, மலிவாக வருகிறது. மலை முழுக்கச் சுற்ற அது போதுமா? வாங்கினால் எப்படித் தயார் செய்வது?

பதில்: சமப்படுத்திய தடத்துக்குப் போதும். புதுப்பனி கொட்டிய அன்று முனை உள்ளே முங்கும், நீங்கள் குப்புற விழுவீர்கள். எல்லா இடமும் போக 99 முதல் 110 செ.மீ. நீளம், நடுவில் 100 மி.மீ. அகலம் உள்ளதைப் பாருங்கள். ஐஸ் சரிவில் திரும்பக் கொஞ்சம் மந்தம்தான், பரவாயில்லை.

அதைவிட முக்கியம் பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பூட்டு. பழைய குட்டைப் பலகைகள் பலவற்றில் விழுந்தாலும் பூட்ஸ் கழலாது. அப்படி ஒன்றில் கால் முறுக்கி, எனக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. கழலும் பைண்டிங்கே வாங்குங்கள்; உங்கள் எடை, உயரம், பூட்ஸ் அளவு சொல்லிக் கடைக்காரரையே செட் செய்யச் சொல்லுங்கள்.

சரி, தயாரிப்பு. பலகையின் இரும்பு விளிம்புக்குக் குறுக்கே நகத்தை லேசாக இழுங்கள். நகம் சீவினால் கூர்மை இருக்கிறது. முனைப் பக்க விளிம்பை மழுக்கச் சொல்வார்கள். இருக்கிற விளிம்பே குட்டை, ஓரிரு செ.மீ.க்கு மேல் தொடாதீர்கள். மெழுகை அயர்ன் பாக்ஸில் உருக்கிப் பலகையின் அடிப்பக்கத்தில் சொட்டவிட்டுத் தேயுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். நன்றாக ஆறியபின் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டிவிடுங்கள். பலர் சுரண்டாமலே கிளம்பி, சமதளத்தில் நின்றுவிடுகிறார்கள். ஊன்றித் தள்ளக் கையில் கம்பும் இருக்காது.