பக்கத்து ஊர் ஹெலிகாப்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகில் ஆர்க்கேடியா என்ற ஊரில் என் மகள் குடியிருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தபோது, ஓர் இரவு அவர்கள் தெருவுக்கு மேலே காவல் துறை ஹெலிகாப்டர் ஒன்று விளக்கை அடித்தபடி வெகுநேரம் வட்டமிட்டது. அது பசடேனா நகரக் காவல் துறையின் ஹெலிகாப்டர் என்று மருமகன் சொன்னார். ஆர்க்கேடியாவுக்கென்று தனிக் காவல் துறை இருக்கும்போது, பக்கத்து ஊர் ஹெலிகாப்டர் அங்கே ஏன் வருகிறது? — ஒரு வாசகி, சேலம்

பதில்: தங்கள் மருமகன் சொன்னது சரிதான். நம் ஊரில் காவல் துறை மாநில அரசின் கையில் இருப்பதால், சேலத்து வண்டி நாமக்கல்லுக்குப் போனால் யாரும் வியப்பதில்லை. கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான நகராட்சிகள் தமக்கென ஒரு காவல் துறையைத் தங்கள் வரிப்பணத்திலிருந்தே நடத்துகின்றன. அப்படி நடத்த விரும்பாத ஊர்கள் மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப்பிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. சான் கேப்ரியல் மலையடிவாரத்திலோ இந்த ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தெருவின் ஒரு பக்கம் ஓர் ஊர், எதிர்ப்பக்கம் வேறோர் ஊர் என்ற அளவுக்கு எல்லைகள் நெருக்கமானவை. தப்பி ஓடுகிற திருடன் பத்து நிமிடத்தில் மூன்று காவல் துறைகளின் எல்லைகளைத் தாண்டிவிடலாம்.

தரையில் காரும் காவலரும் ஒவ்வோர் ஊருக்கும் கட்டுப்படியாகும். வானத்தில் பறப்பது அப்படியல்ல. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 17 ஹெலிகாப்டர்கள் கொண்ட அம்மாநகர வான்பிரிவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 4.66 கோடி டாலர் செலவாகிறது. ஒரு மணிநேரம் பறக்க ஆகும் செலவு 2,916 டாலர். ஆர்க்கேடியா போன்ற சில பத்தாயிரம் பேர் வாழும் ஊர் இதைத் தனியே தாங்க முடியாது. தாங்கினாலும், வாரத்தில் சில மணிநேரத் தேவைக்காக ஓர் இயந்திரத்தையும் அதன் விமானிகளையும் மெக்கானிக்குகளையும் முழுநேரம் வைத்துக்கொண்டிருப்பது வீண்செலவு. பசடேனாவோ 1969 முதலே ஹெலிகாப்டர் வைத்திருக்கும் நகரம். எனவே அந்த நகரத்தை மையமாக வைத்து, அல்ஹாம்ப்ரா, ஆர்க்கேடியா, மன்ரோவியா போன்ற அக்கம்பக்கத்து ஊர்கள் பணம் கொடுத்து வான்ரோந்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மலையடிவார வான் உதவிக் குழு என்பது அந்த ஏற்பாட்டின் பெயர்.

இது புதிதாகத் தோன்றிய யோசனையும் அல்ல. அதே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள லேக்வுட் நகரமும் மாவட்ட ஷெரீப் துறையும் சேர்ந்து 1966-இல் ‘ஸ்கை நைட்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. அன்றாட ரோந்துக்கே ஹெலிகாப்டரைப் பயன்படுத்தலாம் என்று நிரூபித்த முன்னோடித் திட்டம் அது. விமானி நகராட்சியின் ஊழியர், அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து கண்காணிப்பவர் ஷெரீப் துறைக் காவலர் என்று ஒரே விமான அறைக்குள்ளேயே இரு அமைப்புகளின் பங்கு இருந்தது. பிறகு சுற்றியுள்ள ஊர்களும் பங்கு கொடுத்து அதில் சேர்ந்துகொண்டன.

அன்றிரவு தாங்கள் பார்த்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டரில் பொதுவாக இருவர் இருப்பார்கள். விமானியின் வேலை பறப்பது மட்டுமே. மற்றவர் காவலர், வரைபடம், வானொலி, வெப்பக் கேமரா, தேடுவிளக்கு ஆகிய நான்கையும் அவர்தான் கையாள்கிறார். ஒருவன் வேலியைத் தாண்டிக் குதித்து யாரோ ஒருவருடைய கொல்லைப்புறத்தில் பதுங்கிவிட்டான் என்றால், மேலே இருக்கும் காவலர் முதலில் செய்வது அவனைத் தேடுவது அல்ல. தரையிலுள்ள கார்களை அந்தத் தெருத் தொகுதியின் நான்கு மூலைகளிலும் நிறுத்தச் சொல்வதுதான். வெளியேறும் வழிகள் அடைபட்ட பிறகே தேடல் தொடங்கும். வெப்பக் கேமராவின் திரையில் புதருக்குள் கிடக்கும் மனித உடல் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆனால் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கற்சுவரும், சற்று முன் நிறுத்தப்பட்ட காரின் முன்பகுதியும், படுத்திருக்கும் நாயும் அப்படியேதான் தெரியும். எது மனிதன் என்று பிரித்தறிவதற்காகவே ஹெலிகாப்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கு அது வீண் வேலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கேள்வி: துரத்தலின்போது இரண்டு காவல் ஹெலிகாப்டர்கள் மோதி விழுந்ததற்காக, தரையில் காரோட்டி ஓடியவன்மீது கொலைக்குற்றம் சுமத்திய வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் குறிப்பிட்டார். உண்மையா? — சட்டக் கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: உண்மை. அந்த வழக்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது; நாம் பேசும் பகிர்வு ஏற்பாட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பும் உண்டு.

1987 மார்ச் 10 அன்று, கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில், திருடப்பட்ட காரில் இருந்த ஒருவனைச் சான்டா ஆனா நகரக் காவலர்கள் கண்டார்கள். அவன் காரைக் கிளப்பிக்கொண்டு பறந்தான். சிவப்பு விளக்குகளை மதிக்காமலும் எதிர்த்திசையில் புகுந்தும் 48 மைல் தூரம் நீண்ட அந்தத் துரத்தல் ஊர் ஊராக எல்லை தாண்டியது. அருகருகே உள்ள இரு நகரங்களான கோஸ்டா மேசாவும் நியூபோர்ட் பீச்சும் அப்போது தனித்தனியே ஹெலிகாப்டர் வைத்திருந்தன. இரண்டும் உதவிக்கு வந்தன. இர்வைன் நகருக்கு மேலே அவை மோதிக்கொண்டன. கோஸ்டா மேசா ஹெலிகாப்டரில் இருந்த இரு காவலர்களும், உடன் பறந்த காவலரல்லாத ஒருவரும் இறந்தார்கள்.

காரோட்டியவன் மூன்று கொலைகளுக்காக இரண்டாம் நிலைக் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பிடப்பட்டான். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அவன் ஓடியதால்தான் மோதல் நிகழ்ந்தது என்ற காரணத் தொடர்பைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள்; ஆனால் வானத்தில் இரு ஹெலிகாப்டர்கள் மோதும் அபாயத்தை அவன் உணர்ந்தும் பொருட்படுத்தாமல் இருந்தான் என்று சொல்ல முடியாது, ஆகவே கொலைக்குற்றத்துக்குத் தேவையான கொடிய மனநிலை மெய்ப்பிக்கப்படவில்லை என்றார்கள். ஒரு நீதிபதி இன்னும் ஒரு படி மேலே போய், காரணத் தொடர்பே இல்லை என்று எழுதினார். விமானிகள் பறத்தல் விதிகளை மீறினார்கள் என்று வல்லுநர் ஒருவர் விசாரணையில் சாட்சியம் அளித்திருந்ததையும் தாங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தை விட்டு நிர்வாகத்துக்கு வருவோம். ஒரே காரைத் துரத்த இரு நகரங்களின் இரு ஹெலிகாப்டர்கள் ஒரே வானத்தில் இருந்தன. அவற்றுக்குப் பொதுவான தலைமை இல்லை. அந்த விபத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1996-இல், அதே இரு நகரங்களும் தங்கள் வான்பிரிவுகளை இணைத்து ஒரே அமைப்பாக்கின. ஏபிஎல்இ (வான்வழிச் சட்ட அமலாக்கம்) என்ற நான்கெழுத்துச் சுருக்கத்தால் அறியப்பட்ட அதன் ஹெலிகாப்டர்கள் ஜான் வெய்ன் விமான நிலையத்திலிருந்து பறந்தன. சான்டா ஆனாவும் கட்டணம் செலுத்தி அதன் சேவையைப் பெற்றது. இணைப்புக்குச் செலவுச் சிக்கனமும் காரணம்தான். இருந்தாலும் இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் பணத்தை மட்டுமே பேசுகிறார்கள்; ஒரு துரத்தலில் மேலே யார் முதன்மை, யார் விலகி நிற்பவர் என்பதை முடிவு செய்ய ஒரே குரல் இருப்பது பணத்தைவிடப் பெரிய ஆதாயம் என்பது என் கருத்து.

கேள்வி: நகராட்சிக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப் பல ஊர்கள் ஒரு ஹெலிகாப்டரைப் பகிர்ந்தால் செலவை எப்படிப் பங்கிடுவார்கள்? சண்டை வராதா? — ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வரும், வந்தும் இருக்கிறது. பங்காளிகளின் கூட்டுக் கிணற்றில் தகராறு தண்ணீருக்காக வருவதைவிட, முறை யாருடையது, மோட்டார் பழுதானால் யார் கொடுப்பது என்பதற்காகத்தானே அதிகம் வரும்? இங்கும் அதேதான்.

செலவில் இரண்டு வகை உண்டு. எரிபொருள் பறந்தால்தான் செலவாகும். கொட்டகை வாடகை, காப்பீடு, விமானிகளின் சம்பளமும் பயிற்சியும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு. இரண்டுக்கும் நடுவில், குறிப்பிட்ட மணிநேரம் ஓடியதும் இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்கும் பெருஞ்செலவு இருக்கிறது; அதற்காக ஒவ்வொரு மணிநேரத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காத ஊர்கள், ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் திடீரென்று திண்டாடும்.

மணிநேரக் கணக்கில் கட்டணம் வாங்குவது நியாயமாகத் தோன்றும். ஆனால் அப்படி வாங்கினால், பணியில் இருக்கும் அதிகாரி ஒவ்வொரு முறையும் ‘இதற்குக் கூப்பிடலாமா, பட்ஜெட் தாங்குமா’ என்று யோசிக்கத் தொடங்குவார், அழைப்புகள் குறையும், பறக்கும் மணிநேரம் குறைந்தால் நிலையான செலவு முழுவதும் மீதமுள்ள மணிநேரங்களின் தலையில் விழும், கட்டணம் ஏறும், அழைப்பு மேலும் குறையும். மக்கள்தொகைப்படி நிலையான பங்கு என்றாலோ, குற்றம் குறைந்த ஊர், ‘நாங்கள் கொடுப்பதை அவர்கள் அனுபவிக்கிறார்கள்’ என்று முணுமுணுக்கும். அடிப்படைத் தொகை ஒன்றை எல்லோரும் கட்டி, அதற்கு மேல் பறத்தலுக்குக் கட்டணம் என்ற கலப்பு முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தச் சுழலில் சிக்கியதற்குப் பெரிய எடுத்துக்காட்டு பிரிட்டன். இங்கிலாந்து, வேல்ஸ் காவல் துறைகள் தனித்தனியாகவும் சிறு கூட்டுகளாகவும் நடத்திவந்த ஹெலிகாப்டர்களை எல்லாம் சேர்த்து, 2012 அக்டோபரில் தேசியக் காவல் வான்சேவை என்ற ஒரே அமைப்பைத் தொடங்கினார்கள். அதை நடத்தும் பொறுப்பு மேற்கு யார்க்ஷயர் காவல் துறையிடம் தரப்பட்டது. சிக்கனத்துக்காகப் பல தளங்கள் மூடப்பட்டன. தளம் தொலைவானால் ஹெலிகாப்டர் வந்து சேர நேரமாகும். நேரமானால் திருடன் போய்விடுவான். வழியிலேயே அழைப்பு ரத்தாகும். அரசின் காவல் துறை ஆய்வு அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் கடுமையாக விமர்சித்ததோடு, ஒரு மணிநேரப் பறத்தலின் செலவு 2009-இல் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்றும் சுட்டிக்காட்டியது. அடுத்தடுத்த ஊர்கள் சேர்வது வேறு, ஒரு நாட்டையே ஒரே கொட்டகைக்குள் அடக்குவது வேறு. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பர்பாங்க், கிளென்டேல் என்ற இரண்டே நகரங்கள் 2007 முதல் நடத்தும் கூட்டு வான்பிரிவு இவ்வளவு தொல்லையில் மாட்டாததற்குக் காரணம், எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுதான்.

கேள்வி: நீங்கள் முன் பதிலில் சொன்ன கோஸ்டா மேசா – நியூபோர்ட் பீச் கூட்டு அமைப்பு இன்னும் இருக்கிறதா? — அதே சட்டக் கல்லூரி மாணவர் (நினைவூட்டல் அஞ்சலில்)

பதில்: இல்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய நிதித் தட்டுப்பாட்டில் 2011-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் ஹெலிகாப்டர் தேவை கலையவில்லையே! பக்கத்திலுள்ள ஹன்டிங்டன் பீச் நகரம் தன் சொந்த வான்பிரிவைத் தொடர்ந்து வைத்திருந்ததால், அதனிடம் கட்டணம் கொடுத்துச் சேவை பெறும் ஒப்பந்தத்துக்கு இரு நகரங்களும் மாறின. உடைமையில் பங்கு இருந்த இடத்தில் வாடிக்கையாளர் என்ற நிலை வந்தது.

ஆபத்து மட்டும் பகிர்வுக்கு உட்படுவதில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று மாலை, நியூபோர்ட் பீச்சில் நடந்த ஒரு கைகலப்பு குறித்த அழைப்புக்காகப் பறந்த ஹன்டிங்டன் பீச் ஹெலிகாப்டர், பால்போவா தீபகற்பத்தை ஒட்டிய நீரில் விழுந்தது. விமானி உயிர்தப்பினார், உடனிருந்த காவலர் இறந்தார். அழைப்பு ஓர் ஊருடையது, இழப்பு மற்றோர் ஊருடையது. ஒப்பந்தத்தில் மணிநேரக் கட்டணத்துக்கு அடுத்தபடியாகப் பொறுப்பேற்பு, காப்பீடு பற்றிய பிரிவுகளே நீளமாக இருப்பது இதனால்தான்.

கேள்வி: வீட்டுக்கு மேலே வந்து கேமராவால் பார்ப்பது தனியுரிமை மீறல் இல்லையா? ட்ரோன் வந்துவிட்ட காலத்தில் ஹெலிகாப்டர் எதற்கு? — ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு கோடுகளைப் போட்டிருக்கிறது. ஃபுளோரிடாவில் ஒருவரின் பசுமைக்குடிலுக்கு மேல் 400 அடி உயரத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, கூரையின் இடைவெளி வழியே கஞ்சாச் செடிகளைக் காவலர் வெறுங்கண்ணால் பார்த்த வழக்கில், அதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை என்று 1989-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2001-இல் வேறொரு வழக்கில், பொதுமக்களிடம் புழக்கத்தில் இல்லாத வெப்பக் கருவியால் வீட்டின் உட்புறத்தை அறிய முயன்றால் ஆணை வேண்டும் என்றது. ஆகவே, கொல்லைப்புறத்தில் பதுங்கியவனை வெப்பக் கேமராவால் தேடுவதற்கும், அதே கேமராவை வீட்டுச் சுவர்மேல் திருப்பி உள்ளே நடப்பதை அறிய முயல்வதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

ட்ரோனைப் பொறுத்தவரை, மெக்சிகோ எல்லையருகே உள்ள சூலா விஸ்டா நகரக் காவல் துறை 2018 முதல் அவசர அழைப்புகளுக்கு முதலில் ட்ரோனை அனுப்பிப் பார்க்கிறது. சண்டை, சந்தேகப்படும்படி ஓர் ஆள் என்பன போன்ற அழைப்புகளுக்கு அது போதும்; செலவும் ஓசையும் மிகக் குறைவு. லாஸ் ஏஞ்சலஸ் ஹெலிகாப்டர்களின் பறக்கும் நேரத்தில் 61 விழுக்காடு கடுங்குற்றம் அல்லாத வேலைகளுக்கே போகிறது என்று மேலே சொன்ன தணிக்கை அறிக்கை கூறியிருப்பதால், அதில் கணிசமான பகுதியை ட்ரோனுக்கு மாற்றலாம் என்றே நினைக்கிறேன். 48 மைல் துரத்தலுக்கும், மலையில் வழிதவறியவரைத் தூக்கி வருவதற்கும் அதன் பேட்டரி தாங்காது; அந்த வேலைகள் இருக்கும்வரை சிறு ஊர்கள் பக்கத்து ஊர் ஹெலிகாப்டருக்குப் பங்கு கட்டிக்கொண்டுதான் இருக்கும்.