8 கியரா, 12 கியரா: எது நீடித்து உழைக்கும்?

கேள்வி: என் சைக்கிள் 3×8 கியர், அதாவது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 8. முன்னால் 42-32-22 பல், பின்னால் 11-32. எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. 1×12-க்கு மாற்றினால் இன்னும் நீடித்து உழைக்குமா?

பதில்: உழைப்புக்காக என்றால் மாற்றவே வேண்டாம். 8 கியர் செயினின் அகலம் சுமார் 7.1 மி.மீ., 12 கியர் செயினுக்கு 5.3 மி.மீ. மெலிந்த செயின் சீக்கிரம் தேயும் என்று பலர் சொல்வது பாதிதான் சரி. நல்ல குரோம் பூச்சுள்ள 12 கியர் செயின், மலிவான 8 கியர் செயினைவிட அதிகமாகவே தாங்கும். ஆனால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

உண்மையான சிக்கல் இடைவெளியில். ஒரு பின்பல்சக்கரத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 8 கியரில் 4.8 மி.மீ.; 12 கியரில் சுமார் 3.6 மி.மீ. செயினைப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் லேசாக வளைந்தாலே 12 கியர் தடுமாறும். 8 கியர் அதைப் பொறுத்துக்கொள்ளும். 1×12-இல் முன்னால் ஒரே பல்சக்கரம் என்பதால் மொத்தத் தேய்மானமும் அதற்கே. கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் செயின் கோணலாகவும் ஓடும்.

கியர் வீச்சும், அதாவது மிக லேசான கியருக்கும் மிகக் கனமான கியருக்கும் உள்ள விகிதமும், அதிகமாகாது. உங்களுடையது 555 சதவீதம். 1×12-இன் 10-51 கேசட் (பின்பல்சக்கரத் தொகுப்பு) தருவது 510. முன் டிரெய்லியர் இல்லாத எளிமை மட்டுமே லாபம். அதற்காக கியர் மாற்றும் ஷிஃப்டர், பின் டிரெய்லியர், கேசட், செயின், முன்பல்சக்கரம் எல்லாம் வாங்க வேண்டும். 10 பல்லில் தொடங்கும் கேசட் என்றால் அது பொருந்தும் ஃப்ரீஹப்பும் மாற வேண்டும்.

புது சைக்கிளே வாங்குவதாக இருந்தால் ஷிமானோவின் லிங்க்கிளைடு கேசட் உள்ளதா என்று பாருங்கள். பற்களைத் தடிமனாக்கி, உழைப்பையே முதலில் வைத்துச் செய்தது.

கேள்வி: புது செயின் மாட்டிய பிறகு, அழுத்தி மிதித்தால் நழுவுகிறது. செயினில் குறையா?

பதில்: இல்லை, கேசட் தேய்ந்துவிட்டது. பழைய செயினில் கண்ணிகளை இணைக்கும் ஊசியும் தகடும் உராய்ந்து கண்ணிகளின் இடைவெளி கூடியிருக்கும். பற்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். சரியான அளவுள்ள புது செயின் அந்தப் பல்லில் உட்காராமல் மேலேறித் தாவும். அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று கியரில் மட்டும் நழுவினால் சந்தேகமே வேண்டாம்.

இனி ஸ்கேலால் அளந்து மாற்றுங்கள். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவை பூஜ்யத்தில் வையுங்கள். 24 கண்ணி தள்ளியுள்ள ஊசி 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். 11, 12 கியரில் கோட்டை 1.5 மி.மீ. தாண்டினால் மாற்றுங்கள். 8 கியரில் 2.3 மி.மீ. வரை விடலாம். 3 மி.மீ. வந்துவிட்டால் கேசட்டுக்கும் சேர்த்தே செலவு.