பழசைக் கிளறாமல் மனம் ஆறுமா?

கேள்வி: வயது 43. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விவாகரத்து ஆனது, அப்போது பட்ட அவமானங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 'எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தால்தான் குணமாகும்' என்று தோழி ஒரு இரண்டு நாள் முகாமுக்குக் கூட்டிப் போனாள். எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்து அழ வைத்தார்கள். வந்து மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை. பழையதைத் தொடாமல் சரியாக முடியாதா? தினமும் கோயிலுக்குப் போகிறேன், அது போதாதா?

பதில்: முடியும், பெரும்பாலானவர்களுக்கு. கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்பது மருத்துவ விதி இல்லை. விபத்தோ பேரிடரோ நடந்த கையோடு ஆட்களை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்ல வைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதனால் பலன் தெரியவில்லை, சிலருக்குப் பாதிப்பு கூடியதுபோலவும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் தன் கதையைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்கிறது. அதனால் அந்த முகாமின் அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.

அதற்காக, 'இனிமேல் நினைக்கவே மாட்டேன்' என்று சபதமும் வேண்டாம். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கிற கதைதான் அது. நினைவு வந்தால் வரட்டும். வந்த நினைவைப் பிடித்துக்கொண்டு 'எனக்கு மட்டும் ஏன், அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருந்தால்' என்று மணிக்கணக்கில் அசைபோடுகிறோமே, மனச்சோர்வுக்குத் தீனி போடுவது அதுதான். யோசித்து யோசித்து அதை நிறுத்த முடியாது, கையும் காலும் வேறு வேலையில் இறங்க வேண்டும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இப்படி ஒரு சிகிச்சையைச் செய்து பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். இன்றைக்கு என்ன செய்கிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள், எதைத் திரும்பத் தொடங்கலாம் என்பதுதான் முக்கியப் பேச்சு. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாகக் குறைந்தது.

நீங்களும் அப்படியே தொடங்கலாம். விவாகரத்துக்குப் பிறகு எதையெல்லாம் விட்டீர்கள்? சொந்தக்காரர் கல்யாணங்களா, பாட்டா, தையலா? அதில் சின்னதாக ஒன்றை எடுத்து, கிழமையும் நேரமும் குறித்து, மனசு இல்லாவிட்டாலும் செய்யுங்கள். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது.

கோயில் நல்லதுதான். ஆனால் சன்னிதியில் நின்று தினமும் அதே வழக்கைச் சொல்லி அழுதுவிட்டு வந்தால், அதுவும் அசைபோடுவதுதான். பிரகாரம் சுற்றும்போது கால் தரையில் படுவதைக் கவனியுங்கள். அன்னதானத்தில் பரிமாறவோ உழவாரப் பணிக்கோ போனால் இன்னும் நல்லது, நாலு பேருடன் பழக்கமும் வரும். 'எல்லாம் கர்மவினை, மன்னித்துவிடு' என்று யாராவது உபதேசம் செய்தால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மன்னித்தால்தான் குணமாகும் என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு. கெட்ட கனவுகள், நடந்தது இப்போது திரும்ப நடப்பதுபோன்ற உணர்வு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, சில இடங்களுக்கே போக முடியாமை இவையெல்லாம் இருந்தால் அது மனஅதிர்ச்சி நோயாக இருக்கலாம். அதற்கான சிகிச்சையில் பழையதைத் தொடத்தான் வேண்டியிருக்கும், ஆனால் பயிற்சி பெற்ற ஒருவருடன், தனியாக, உங்கள் வேகத்தில். கண் அசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையில் எல்லாவற்றையும் வாய்விட்டு விவரிக்கக்கூட வேண்டியதில்லை.

தூக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், மூன்று வாரம் அதிகம். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்க வேண்டாம். இந்த வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்களாலும் இரவில் வேர்த்து விழிப்பு வரும், அதையும் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். அது மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் இன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.