ஸ்விஃப்ட்டுக்கு டூயல் எக்ஸாஸ்ட் போட்டா பிக்கப் ஏறுமா?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 2021 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 58 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, பின்னாடி சைலன்சர்ல ஓட்டை விழுந்துடுச்சு, பிக்கப்பும் முன்ன மாதிரி இல்லையாம். மாத்தப் போன இடத்துல "இன்னும் கொஞ்சம் காசு போட்டா ரெண்டு பக்கமும் குழாய் வர்ற மாதிரி டூயல் எக்ஸாஸ்ட் போட்டுடலாம், புகை ஃப்ரீயா போகும், பத்து எச்பி ஏறும்"னு சொல்லியிருக்காங்க, போடலாமான்னு கேக்குறாரு.

வேண்டாம் தம்பி. காசு போறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே எனக்கு பெரிய நிம்மதி.

உங்க எஞ்சின்ல நாலு சிலிண்டரும் வரிசையா நிக்குது, நாலோட புகையும் மேனிஃபோல்டுல, அதாவது எஞ்சினை ஒட்டி புகையைச் சேர்க்கற குழாய்க் கொத்துல ஒன்னா சேர்ந்து, புகையில இருக்கற விஷத்தைக் குறைக்கற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வழியா ஒரே குழாயா வண்டிக்கு அடியில பின்னாடி வரைக்கும் வருது. கடையில செய்யப் போறது என்னன்னா பின் ஆக்சில் கிட்ட அதை அறுத்து, ஒய் மாதிரி ஒரு பீஸ் வச்சு வெல்டிங் அடிச்சு, ரெண்டு மஃப்ளர் (நாம சைலன்சர்ங்கறது) மாட்டுவாங்க, அவ்ளோதான். முன்னாடி குழாய் அதே அளவுதானே இருக்கு? தோட்டத்து ஹோஸ் நுனியில ரெண்டு வாய் வச்சா மோட்டர் கூடுதலா தண்ணி எடுக்குமா என்ன.

நிஜமான டூயல்ங்கறது வேற. ஃபோர்டு மஸ்டங் ஜிடி மாதிரி வி8 வண்டியில இந்தப் பக்கம் நாலு சிலிண்டர் அந்தப் பக்கம் நாலு சிலிண்டர், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி மேனிஃபோல்டு, அதனால எஞ்சின்ல இருந்தே ரெண்டு குழாயா கிளம்புது. 1.2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு அதிகபட்சம் 3,600 லிட்டர் காத்து இழுக்கும், 5 லிட்டர் வி8 அதே வேகத்துல கிட்டத்தட்ட 15,000 லிட்டர் இழுக்கும், அதாவது அதுல ஒரு பக்கக் குழாய்க்கே ரெண்டு ஸ்விஃப்ட்டோட புகை வருது. அங்க ரெண்டு குழாய் தேவை, இங்க தேவையே இல்ல.

சரி, குழாய் பத்தலன்னே வச்சுக்குவோம், அப்பவும் ரெண்டா பிரிக்கறது நல்ல வழி இல்ல. ஒன்றரை இன்ச் குழாய் ரெண்டோட வாய் சேர்ந்து 3.53 சதுர இன்ச், ரெண்டேகால் இன்ச் குழாய் ஒன்னே 3.98 சதுர இன்ச். ஒத்தக் குழாய்ல உரசலும் கம்மி எடையும் கம்மி.

இங்க ஒரு விஷயம் நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க, "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும், அதான் பெரிய குழாய் ஆகாது"ம்பாங்க. பேக் பிரஷர்னா புகை வெளிய போகும்போது எதிர்த்துத் தடுக்கற அழுத்தம். பேக் பிரஷர் எந்த எஞ்சினுக்கும் வேண்டாம், வேண்டியது புகையோட வேகம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை ஒரே வீச்சா குழாய்ல பாயுது, அப்படி பாயும்போது அதுக்குப் பின்னாடி அழுத்தம் குறையுது, அந்தக் குறைவு சிலிண்டர்ல மிச்சம் இருக்கற புகையை இழுத்துக்கிட்டு போகுது, காத்து உள்ள வர்ற வால்வும் புகை போற வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும்போது புது காத்தையும் உள்ள இழுத்து விடுது. இதைத்தான் ஸ்கேவெஞ்சிங்கனு சொல்றோம். குழாய் அளவுக்கு மீறி பெருசானா புகை ஆறிப்போய் மெதுவாகுது, இந்த இழுப்பு கெடுது, அது முதல்ல தெரியறது சிக்னல்ல எடுக்கும்போதும் மருதமலை ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல போகும்போதும்தான். இந்த வேலை பெரும்பாலும் மேனிஃபோல்டு பக்கமே முடிஞ்சிடுது, பின் மஃப்ளர்ல என்ன மாத்தினாலும் கால்ல தெரியற அளவுக்கு சக்தி கூடாது, சத்தம்தான் கூடும், அந்த சத்தத்தைத்தான் மனசு வேகம்னு எடுத்துக்குது.

இப்படி ஒய் வச்சுப் பிரிச்ச ஒரு வண்டியை லிஃப்ட்ல ஏத்தி பாத்தேன். இடது குழாய் வாயில கரி காஞ்சு படிஞ்சிருக்கு, வலது பக்கம் கரியே இல்ல, சொட்டு சொட்டா தண்ணி நிக்குது, மஃப்ளர் அடியில ஸ்க்ரூடிரைவர் வச்சு அழுத்தினா உள்ள போகுது. ஸ்பேர் வீல் குழியைச் சுத்தி வளைச்சுக் கொண்டு போனதால அந்தப் பக்கம் புகை சரியா போகல, சூடு ஏறல, தண்ணி தங்கி துருப்பிடிச்சிருச்சு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

கம்பெனிக்காரங்களே ரெட்டை வாய் வைக்கறாங்களேன்னு கேப்பீங்க. ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021ல வந்தப்ப ட்வின் டிப் எக்ஸாஸ்ட்டோட வந்துச்சு, ஆனா எஞ்சின் சக்தி சாதா ஐ20 டர்போவுல (புகையோட வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள கூடுதல் காத்து தள்ளற விசிறிதான் டர்போ) இருந்த அதே 120 பிஎஸ், 172 என்எம்தான். டர்போ வண்டியில டர்போவுக்குப் பின்னாடி வர்ற குழாயைப் பெருசாக்கினா பலன் உண்டு, அதுவும் ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டரோட ட்யூனோட சேர்த்து செஞ்சாத்தான், அங்கயும் ஒத்தக் குழாய் போதும்.

சட்டமும் பாத்துக்கோங்க. கம்பெனி அமைப்பை அனுமதி இல்லாம மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுல மாத்தம் ஒவ்வொன்னுக்கும் 5,000 ரூபாய் அபராதம், சத்தம் அளவு மீறினா 190ஆவது பிரிவுல 10,000 வரைக்கும் போகலாம், லைசென்ஸும் மூணு மாசம் போகும். கன்வர்ட்டரை மட்டும் யாரையும் தொட விடாதீங்க, அது இல்லாத வண்டி விடுற விஷத்தை நம்ம வீட்டுப் புள்ளைங்கதான் மூச்சா இழுக்கணும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. ஓட்டை விழுந்த மஃப்ளருக்கு பதிலா கம்பெனி மஃப்ளரே போடுங்க. பின்னாடி ஓட்டைக்கும் பிக்கப் குறைஞ்சதுக்கும் சம்பந்தம் இருக்காது, அதுக்கு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் மூணையும் முதல்ல பாக்க சொல்லுங்க, டயர்ல காத்து சரியா இருக்கான்னும் பாருங்க. அதுலயும் சரியாகலன்னா கன்வர்ட்டருக்கு முன்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டி 2500 ஆர்பிஎம்ல பாக்க சொல்லுங்க, 3 பிஎஸ்ஐக்கு மேல காட்டினா கன்வர்ட்டர் அடைச்சிருக்குனு அர்த்தம். வேலைக்கு விடறதுக்கு முன்னாடி ஆளில்லாத ரோட்டுல மூணாவது கியர்ல 30ல இருந்து 70 போக எத்தனை செகண்டுன்னு பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு குறிச்சுக்கோங்க, வேலை முடிஞ்சதும் அதே ரோட்டுல திரும்ப பாத்துட்டு ரெண்டு நம்பரையும் எனக்கு எழுதுங்க.