அயோடின் மாத்திரையை இப்போதே வாங்கி வைக்கலாமா?

கேள்வி: கூடங்குளம் அணு உலையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. 'கதிர்வீச்சுத் தடுப்பு மாத்திரை' என்று ஒருவர் பத்து மாத்திரையை 3,000 ரூபாய்க்குத் தருகிறார். வீட்டில் 70 வயது அம்மா, 9 வயதுப் பையன் இருக்கிறார்கள். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். வாங்கலாமா?

பதில்: அவரிடம் வாங்காதீர்கள். அவர் சொல்லும் பெயரே பொய். அயோடின் மாத்திரையில் இருக்கும் மருந்தான பொட்டாசியம் அயோடைடு கதிர்வீச்சைத் தடுக்காது. காற்றிலும் பாலிலும் வரும் கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் புகுமுன், அந்த இடத்தை நல்ல அயோடினால் நிரப்பிவிடும், அவ்வளவுதான். உலை விபத்தில் வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு இது மருந்தே இல்லை.

தேதியும் பேட்ச் எண்ணும் இல்லாத அட்டைகளை விற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் சிலர், காயத்துக்குப் போடும் அயோடினைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். அது விஷம். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும், அயோடின் கலந்த உப்பு காப்பாற்றும் என்று நம்பி சீனாவில் உப்புக்கு அடிதடி. ஒரு 130 மில்லிகிராம் மாத்திரையில் உள்ள அயோடின் வேண்டுமென்றால், நம் கடை உப்பில் ஆறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்!

அம்மாவுக்கு அநேகமாகத் தேவைப்படாது. நாற்பதைத் தாண்டினால் பலன் குறைவு, தைராய்டு தொந்தரவு அதிகம். பையனுக்குப் பாதி மாத்திரை, 65 மில்லிகிராம். மகள் கர்ப்பிணியாக இருக்கும்போதே விபத்து நடந்தால் அவளுக்கு ஒரு முழு மாத்திரை. எல்லாமே அரசு அறிவித்த பிறகுதான்.

பிறக்கப்போகும் குழந்தைதான் எனக்குக் கவலை. ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு வெறும் 16 மில்லிகிராம், அதாவது மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு. அதைக் கத்தியால் கண்மட்டத்துக்கு வெட்டாதீர்கள், செவிலியர் கரைத்து அளந்து தரட்டும். ஒரே ஒரு தடவைதான். மறுபடி கொடுத்தால் சிசுவின் தைராய்டு அடங்கிப்போய் மூளை வளர்ச்சியே பாதிக்கலாம். கொடுத்த பின் தைராய்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம். தாய்க்கும் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், பால்வழியே குழந்தைக்குப் போகும்.

கதிரியக்கம் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து, வந்து இரண்டு மணி நேரம் வரை சாப்பிட்டால்தான் முழுப் பலன். அந்த நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கச் சொல்வது என்ன திட்டமோ! பிரான்சில் உலையைச் சுற்றி 20 கிலோமீட்டர், சுவிட்சர்லாந்தில் 50 கிலோமீட்டர் வரை முன்கூட்டியே வீட்டுக்குத் தருகிறார்கள். நம் ஊரில் கேட்டால் 'பீதி கிளப்பாதீர்கள்' என்பார்கள். பீதியைக் கிளப்புவது உங்களுக்கு மாத்திரை விற்க வந்தவர்தான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊருக்கான மாத்திரை எங்கே இருக்கிறது, எத்தனை, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.