வாசகர் கேள்வி பதில்: கல்லூரி நாயகன் ஜிம்மர் ஃபிரடெட்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2011-ஆம் ஆண்டு ஜிம்மர் ஃபிரடெட் அடைந்த புகழை வேறு யாரும் அடையவில்லை என்று என் மகன் ஓயாமல் சொல்கிறான். ஆனால் என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் சாதனைப் பட்டியல்களில் அவர் பெயரைக் காணோமே, ஏன்? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: உங்கள் மகன் அதிகம் மிகைப்படுத்தவில்லை. யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஃபிரடெட், 2010-11 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித், வூடன் ஆகிய இரு பெரிய விருதுகளும் அவ்வாண்டு அவருக்கே கிடைத்தன. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அவர் 43 புள்ளிகள் குவித்த ஆட்டத்தில், பிற்காலத்தில் என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரராக இருமுறை தேர்வான கவாய் லெனார்ட் எதிரணியில் இருந்தார்.

என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் தேர்வில், அதே ஆண்டு மில்வாக்கி அணி அவரைப் பத்தாவது ஆளாக எடுத்து, உடனே சாக்ரமென்டோ அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அவருக்கு அடுத்துத் தேர்வானவர் க்ளே தாம்சன், பதினைந்தாவது லெனார்ட். கடைசி இடமான அறுபதில் தேர்வான ஐசயா தாமஸும் சாக்ரமென்டோவுக்கே வந்து சேர்ந்தார் என்பதுதான் வேடிக்கை. பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடத்தை முதல் பருவத்திலேயே பிடித்துக்கொண்டவரும் தாமஸ்தான்.

வெளியே நின்று எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடு, கல்லூரியில் அன்று கூடையிலிருந்து 20 அடி 9 அங்குலத்திலும், என்.பி.ஏ.வில் 23 அடி 9 அங்குலத்திலும் இருந்ததால் தூரம்தான் அவரைத் தோற்கடித்தது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லூரியிலேயே கோட்டுக்கு வெகுதூரம் வெளியே நின்று எறிந்து பழகிய கை அது. உண்மையான இடர் வேறு இடத்தில் இருந்தது. கல்லூரி அணியில் பந்து எப்போதும் அவரிடமே வரும். அணியின் தாக்குதல் முழுவதும் அவரைச் சுற்றியே அமைந்திருக்கும். ஒரு முறை பந்தைக் கூடைக்கு எறிவதற்குள் அன்று 35 வினாடி அவகாசமும் இருந்தது. என்.பி.ஏ.வில் அந்த அவகாசம் 24 வினாடிதான். அங்கே பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது காத்திருக்கவும், கிடைத்த சில நிமிடங்களுக்குள் கை சூடேறவும், தம்மைவிட வேகமான ஆட்டக்காரர்களைத் தடுக்கவும் அவருக்கு வேண்டியிருந்தது. தடுப்பாட்டம் அவருக்கு என்றுமே பலமாக இருந்ததில்லை.

காலமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஏற்பட்ட ஊதியத் தகராறினால் அவருடைய முதல் என்.பி.ஏ. பருவம் டிசம்பர் 25 அன்றுதான் தொடங்கியது. 82 ஆட்டங்கள் 66 ஆகச் சுருங்கின. பயிற்சி முகாமும் குறுகிப் போனது. பருவம் தொடங்கி ஏழே ஆட்டங்களில் சாக்ரமென்டோ தன் தலைமைப் பயிற்சியாளரையும் நீக்கியது. முதல் ஆண்டு அவருடைய சராசரி 7.6 புள்ளிகள். 2014-இல் அந்த அணி அவரை விடுவித்தது. பிறகு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் என்று அணி அணியாக மாறினார்.

கேள்வி: அப்படியானால் அவரைத் தோற்றுப்போனவர் என்று சொல்லலாமா? (ஒரு வாசகி, பள்ளத்தூர்)

பதில்: சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள், உள்ளூரில் தங்கள் முதலுக்கு இடமில்லை என்பதால் முதலே செல்லாது என்று எண்ணிவிடவில்லை. ஃபிரடெட்டும் 2016-இல் அப்படித்தான் ஷாங்காய்க்குப் புறப்பட்டார். என்.பி.ஏ.வில் புகழ்பெற்ற சீன ஆட்டக்காரர் யாவ் மிங்குக்குச் சொந்தமாக இருந்த ஷாங்காய் ஷார்க்ஸ் அணி, அவருடைய கல்லூரி அணியைப் போலவே, பந்தை அவர் கையில் கொடுத்து ஆடவிட்டது. முதல் பருவத்திலேயே சராசரியாக 37.6 புள்ளிகள் எடுத்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2018-இல் ஒரே ஆட்டத்தில் 75 புள்ளிகள் எடுத்தார். சீன லீகின் தடுப்பாட்டம் என்.பி.ஏ. அளவுக்குக் கடுமையானது அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பின்னர் கிரேக்கத்தின் பனதினாய்கோஸ் அணிக்காகவும் ஆடினார்.

கேள்வி: ஒலிம்பிக்கில் அவர் ஆடியது மூவர் ஆட்டமாமே? (ஒரு மாணவர், காரைக்குடி)

பதில்: ஆம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில். அரைக்களம், ஒரே கூடை, பக்கத்துக்கு மூவர், ஒரு மாற்று ஆள். பத்து நிமிடம் முடிவதற்குள் 21 புள்ளியை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. இதில் எறிய 12 வினாடிதான் அவகாசம். தூர எறிதலுக்கு இரண்டு புள்ளி, மற்றதற்கு ஒன்று என்பதால் ஃபிரடெட் போன்றவர்களுக்கு ஏற்ற ஆட்டம் இது. ஆனால் தொடக்க ஆட்டங்களிலேயே காயமடைந்து அவர் வெளியேற, அமெரிக்க ஆண்கள் அணி பதக்கமின்றித் திரும்பியது. 2025-இல் ஓய்வை அறிவித்தார்.

கேள்வி: என் பேரன் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நன்றாக ஆடுகிறான். படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன் என்கிறான். என்ன சொல்வது? (ஓர் ஆச்சி, காரைக்குடி)

பதில்: ஆச்சி, படிப்பை நிறுத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள், ஃபிரடெட்கூட நான்காண்டும் கல்லூரியில் ஆடிவிட்டுத்தான் டிராஃப்டுக்குப் போனார். என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் சத்னாம் சிங், 2015-இல் டல்லாஸ் அணியால் 52-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டும், ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை.

நம் நாட்டில் கூடைப்பந்தால் வாழ்க்கை நடத்துபவர்களுள் பெரும்பாலோர் நிறுவனங்களின் அணிகளில் சேர்ந்து, சம்பளமும் வேலையும் பெற்று ஆடுபவர்களே. இந்திய மகளிர் அணியின் தலைவியாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தவர். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் உங்கள் ஊரிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கூடைப்பந்து அணி, நாடறிந்த அணிகளுள் ஒன்று.

மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களையும் ஏற்கிறார்கள். அதற்குக் கல்லூரி அணியில் இருப்பது மட்டும் போதாது. பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று, அதற்கான சான்றிதழை உரிய அதிகாரியின் கையொப்பத்துடன் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேரனுக்குப் பயிற்சியாளராகும் எண்ணம் இருந்தால், பட்டம் முடித்தபின் உங்கள் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியிலேயே சேரலாம். அவன் எந்த ஆண்டு படிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இறுதியாண்டு என்றால், பல்கலைக்கழக அணித் தேர்வு எப்போது என்று உடற்கல்வி இயக்குநரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.